நடுவப்பேரிச் சுவர்களில் இன்று இரவு நாடகம்

நடுவப்பேரியில் சுவர்கள் போஸ்டர் விடத் தொடங்கியது கோடை மழைக்கு அடுத்த நாள் காலையில். வேலியில் பிரண்டையும் குப்பைமேட்டில் பூசணியும் தன்பாட்டுக்குத் துளிர் விட்டுக்கொண்டிருந்த பருவம் அது என்பதால், சுவரும் தன் பங்குக்கு ஏதோ விடுகிறது என்றுதான் ஊர் முதலில் எடுத்துக்கொண்டது. நூலகத்துச் சுவரில், அரிசி மில் மதிலில், மூடிக் கிடக்கும் டூரிங் டாக்கீஸின் முன்பக்கத்தில், ஒரே மாதிரி, சிவப்பும் நீலமுமாக, பசை காயாமல் நின்றது அந்தப் போஸ்டர்: இன்று இரவு, இரயிலடிப் பொட்டலில், ஸ்ரீ முத்துமாலை நாடக சபாவின் ‘கண்ணாடி மாமியார்’, பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு, நடத்துபவர் முத்தமிழ் வித்தகர் நாடகத் தேனீ மு. குத்தாலிங்கம்.

அந்தச் சபா கலைந்து, பொட்டலில் பேருந்து நிலையம் வந்து, பேருந்து நிலையமும் ஒருமுறை இடிந்து திரும்பக் கட்டியாகிவிட்டது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டீக்கடை பிச்சுமணி மட்டும் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் வீசிப் பார்த்தான். தண்ணீர் வழிந்தது, மாமியார் வழியவில்லை.

“இது குத்தாலிங்கம் வேலை,” என்றார் ஐயம்பெருமாள்.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது குத்தாலிங்கம் வேலை என்று சொல்லக்கூடியவர் ஐயம்பெருமாள் என்பதால் பிச்சுமணி டீயை நீட்டினான்.

ஐயம்பெருமாளுக்கு இரயிலடித் தெருவில் ஒரு மைக் செட் கடை. கடை வாசலில் ஒரு பலகை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, இழவு எல்லாவற்றுக்கும் மைக் உண்டு, நாடகத்துக்குக் கிடையாது என்று அதில் எழுதியிருக்கும். ஊரில் நாடகம் போடுகிற ஆள் ஒருத்தனும் மிச்சமில்லாத இந்தக் காலத்திலும், பொங்கலுக்குப் பொங்கல் அந்த எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார். ஏனென்றால் முத்துமாலை சபாவில் பாதி அவருடையது. அவரும் குத்தாலிங்கமும் மீசை முளைத்தும் முளைக்காத வயதில், கோயில் வாசலில் ஒத்திகை பார்த்து, சேர்ந்து கிளப்பிய சபா அது. முதல் நாடகம் ‘அரை நாள் ராஜா’. போஸ்டரில் இரண்டு பேர் பெயரும் போட்டு, நடத்துவோர் மு. குத்தாலிங்கம், பெ. ஐயம்பெருமாள் என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டுத்தான், கலைந்துபோன ஒரு கம்பெனியின் திரைச்சீலைகளை வாங்கிவர, நாடகத்துக்கு முந்தின நாள் இரவு, ஐயம்பெருமாள் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போஸ்டர் அச்சாகி ஒட்டியும் முடிந்தபிறகு ஒரு நடிகனை வேண்டாம் என்று வைத்துவிட்டால், அவனைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. அவன் பெயர்மேல் ஒரு கலர்த்தாளை வெட்டி ஒட்டிவிடுவார்கள். அதற்குச் சீட்டு ஒட்டுவது என்று பெயர். சீட்டு ஒட்டப்பட்டவன் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்விட வேண்டும். கேட்பது கேவலம். நாடகத்தன்று சாயங்காலம் திரைச்சுருளைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்த ஐயம்பெருமாள், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார்: நூலகத்துச் சுவரில், மில் மதிலில், டாக்கீஸ் முகப்பில், எல்லாப் போஸ்டரிலும் தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு. அவர் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. திரைச்சுருளை பஸ் நிறுத்தத்திலேயே இறக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். குத்தாலிங்கமும் வந்து கூப்பிடவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு, இரண்டு பேருக்கும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் நின்றேதான் கிடந்தது.

இப்போது பேரூராட்சி ஒரு கலையரங்கம் கட்டி, அதற்கு நாடகத் தேனீ குத்தாலிங்கம் கலையரங்கம் என்று பெயர் வைக்கப்போகிறது. ஐயம்பெருமாள் மனு எழுதி எடுத்துக்கொண்டு செயல் அலுவலரிடம் போனார். செயல் அலுவலர் வெளியூர்க்காரர், பொறுமைசாலி.

“ஆதாரம் ஏதாவது இருக்கா ஐயா?”

“ஊருச் சுவரு பூரா ஒட்டியிருந்துச்சு.”

“சரி. சுவர் இப்ப என்ன காட்டுது?” என்றார் அவர். “குத்தாலிங்கம் ஐயாகிட்டக் கேட்டேன். நீங்க திரை தூக்கிட்டு வந்த ஆளுன்னு சொல்றார்.”

திரை தூக்கிட்டு வந்த ஆள். அந்தச் சொல்லை ஐயம்பெருமாள் வீடு வரைக்கும் பல்லுக்கிடையில் வைத்து அரைத்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு கோடை மழை பெய்தது. சுவர்கள் விட ஆரம்பித்தன.

ஆகவே அவருக்கு இதில் சந்தேகமே இல்லை. விழா வரப்போகிறது, கிழவன் பழைய போஸ்டரை மறுபடி அச்சடித்து ஆள் வைத்து ஒட்டி விளம்பரம் தேடுகிறான். நூலகத்துச் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்த வாடை. ஆடு மாடு தின்றுவிடாமல் இருக்கப் பசையில் துத்தம் கலப்பது சபாவின் கைப்பக்குவம்; இந்தக் காலத்தில் போஸ்டர் ஒட்டுகிறவன் எவனுக்கும் அது தெரியாது. போதாததற்கு, கட்சிப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து என்று வித்தியாசம் பாராமல் தின்கிற மில் தெரு ஆடுகள் இந்தப் போஸ்டரை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாத சம்பந்தத்தைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

கையும் களவுமாகப் பிடிப்பதற்காக ஒருநாள் விடியும் முன்னே போய் நூலகத்துக்கு எதிரே உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. கிழக்கு வெளுத்த நேரத்தில் சுவரில் ஈரம் பூத்தது. ஈரத்தில் வேர்க்குரு மாதிரிச் சிவப்புப் புள்ளிகள் தடித்தன. புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகி, எழுத்தைச் சுற்றித் தாள் விரிந்து, தாளின் ஓரத்தில் பசை முத்துமுத்தாகக் கசிந்து நின்றது. ‘பூட்டின வீட்டு மணமகள்’, இன்று இரவு. தன் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்த ஐயம்பெருமாள், அந்தக் காலத்திலேயே சுண்ணாம்பில் எதையோ கலந்து வைத்திருக்கிறான் குத்தாலிங்கம் என்று முடிவு செய்துகொண்டு எழுந்து வந்தார்.

ஊரோ இதையெல்லாம் யோசிக்கவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது. இன்று இரவு என்று போட்டிருக்கிறதே என்று சாயங்காலமானால் ஜனங்கள் பாயும் தலையணையுமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்து, பெண்கள் தனியாகவும் ஆண்கள் தனியாகவும் உட்கார்ந்து, கடலை தின்று, ஊர்க்கதை பேசி, கடைசிப் பஸ் போனபிறகு எழுந்து, “இன்னைக்கு நாடகம் நல்லா இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். திருநெல்வேலி பஸ்ஸின் டிரைவர் பாய்களுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டப் பழகிக்கொண்டார். கட்சிக்காரர்கள் தங்கள் தலைவர் முகத்துக்குள்ளிருந்து ஒரு கதாநாயகி எழும்பி நிற்பதைப் பார்த்து, இது எதிர்க்கட்சியின் சதி என்று இரண்டு பக்கமும் புகார் கொடுத்தார்கள். அனுமதியில்லாமல் சுவரொட்டி ஒட்டியதற்காகப் பேரூராட்சி முத்துமாலை சபாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது; அப்படி ஒரு விலாசம் இல்லை என்று அது திரும்பி வந்தது; திரும்பி வந்ததைச் சந்தேகத்துக்கிடமானது என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார்கள். தபால்காரர் பூதலிங்கம் வீட்டில் மட்டும் போஸ்டர் வெளிச்சுவரில் வராமல் படுக்கையறையின் உள்சுவரில் வந்தது. அதில் சபாவின் கதாநாயகி லலிதாங்கி கன்னத்தில் விரலை வைத்துச் சிரித்தாள். பூதலிங்கத்தின் மனைவி மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். “நான் அவளை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல தாயி, மூணாம் வரிசையில உக்காந்திருந்தேன்” என்று பின்னாலேயே ஓடிய பூதலிங்கம், அந்தக் கடைசி வார்த்தையை விட்டிருந்தால் தப்பித்திருப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, மாப்பிள்ளை வீட்டுச் சுவரில் போஸ்டர் வந்திருக்கிறதா, வந்திருந்தால் எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் காப்பியைத் தொட்டார்கள்.

போஸ்டர்கள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்பதை முதலில் கவனித்தவன் பிச்சுமணி.

“அண்ணாச்சி, பாத்தியளா, ஆளுக்கு மீசை சுருங்குது.”

ஐயம்பெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். உண்மைதான். ஒவ்வொரு புதுப் போஸ்டரும் முந்தியதைவிடப் பழைய போஸ்டர். மூலையில் இருந்த குத்தாலிங்கத்தின் வட்டப் படத்தில் தொந்தி வடிந்தது, மீசை மெலிந்தது, தலையில் முடி கூடியது. ‘கண்ணாடி மாமியா’ரில் இருந்த முத்தமிழ் வித்தகர் ‘பூட்டின வீட்டு மணமக’ளில் இல்லை; ‘ரயிலடிச் சபத’த்தில் தேனீயும் பறந்துவிட்டது. தலைமை தாங்கிய தாசில்தார், பரிசளித்த மிராசுதார், வெள்ளிக் கேடயம், நூறாவது நாள் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, எழுத்து சின்னதாகி, தாள் மட்டமாகி, குத்தாலிங்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வேலையும் இல்லாத பையனாகிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் கடைசியில் எது வரும் என்று யோசித்த ஐயம்பெருமாளின் கையிலிருந்த டீ டம்ளர் சூடு தெரியாமல் அப்படியே நின்றது.

‘அரை நாள் ராஜா’ வரும். அதில் சீட்டு இருக்கும். சீட்டுக்கு அடியில் அவர் பெயர் இருக்கும். சுவர் ஆதாரம் காட்டும்.

அன்றிலிருந்து அவர் துப்பு விசாரித்தார், காவல் காத்தார், எல்லாரையும் சந்தேகப்பட்டார். பெயர் வெளியே வருவது குத்தாலிங்கத்துக்கு ஆகாது, ஆகவே அவன் சும்மா இருக்கமாட்டான். சொல்லிவைத்த மாதிரி, விழாவுக்கு ஊரை அழகுபடுத்துகிறோம் என்று குத்தாலிங்கத்தின் மருமகன் ஆள் வைத்துச் சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தான். மறுநாள் வெள்ளையைக் கிழித்துக்கொண்டு அடுத்த போஸ்டர் வந்தது. “அடிங்கல, நல்லா அடிங்க,” என்று ஐயம்பெருமாள் சத்தம்போட்டுச் சிரித்தார்.

ஆனால் சிரிக்க முடியாத சந்தேகம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய மனைவி ஆவுடையம்மாள், ஊரே கூடி நின்று பார்க்கிற போஸ்டரை ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. அதே ஆவுடையம்மாள் விடிகிற நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெயில் வந்தபிறகு திரும்பினாள். அவளுடைய நகக்கண்ணில் நீலம் இருந்தது. துத்தத்தின் நீலம்.

“எங்க போயிட்டு வார?”

“தண்ணிக்கு.”

“கொடத்துல தண்ணியக் காணோம்.”

“கொழாயில வரல.”

“வராத தண்ணிக்கு இம்புட்டு நேரமா?”

“வரும் வரும்னு நின்னேன்,” என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே, “இன்னும் எத்தன நாடகம் இருக்கு அவிய போட்டது?” என்று கேட்டாள்.

“அது எதுக்கு ஒனக்கு?”

“சும்மாதான்.”

ஐயம்பெருமாளுக்கு விளங்கிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் குத்தாலிங்கத்தின் மகளோடு இவள் பேசிக்கொண்டிருந்ததை அவர் ஒருதரம் பார்த்திருக்கிறார். எத்தனை வருடம் பக்கத்தில் படுத்தாலும் ஒரு சேலைக்கும் ஒரு சிரிப்புக்கும் மாறிவிடக்கூடிய ஜாதிதானே மனுஷ ஜாதி. அவன் அனுப்பி இவள் சுவரைச் சுரண்டுகிறாள். தன் வீட்டு உப்பைத் தின்றுகொண்டு தன் பெயரைச் சுரண்டுகிறாள். அன்றிலிருந்து அவள் வைத்த குழம்பைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றினார்.

கலையரங்கத் திறப்பு விழாவன்று காலையில் ‘அரை நாள் ராஜா’ வந்தது.

ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வந்தது. ஒரே கலர், கறுப்பு மட்டும், மட்டமான தாள், படம் இல்லை, பட்டம் இல்லை, கேடயம் இல்லை. நடத்துவோர் மு. குத்தாலிங்கம் என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், எல்லாச் சுவரிலும், ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

நூலகத்துச் சுவர் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நடத்துபவர் என்று இல்லாமல் நடத்துவோர் என்று இருப்பதைப் பள்ளிக்கூட வாத்தியார் எடுத்துச் சொல்ல, அப்படியானால் இரண்டாவது ஆள் யார் என்று கூட்டம் கேட்டது. விழாவுக்கு வந்த செயல் அலுவலர் காரை நிறுத்தி இறங்கினார். அவருக்குப் பின்னால், கழுத்தில் மாலையும் கையில் தடியுமாக, குத்தாலிங்கமும் இறங்கினார்.

“எல்லாரும் பாத்துக்கிடுங்க,” என்றார் ஐயம்பெருமாள். வெள்ளை வேட்டி கட்டி, சவரம் பண்ணி, மாப்பிள்ளை மாதிரி நின்றார் அவர். “இது முளைச்சதா ஒட்டினதா, எனக்கு அது வேண்டாம். சீட்டுக்குக் கீழ பேரு இருக்கு. உரிக்கப் போறேன். ஐயா, நீங்க சாட்சி.”

“பேர் இருந்தா போர்டுல சேத்துடறேன்,” என்றார் செயல் அலுவலர். “எல்லார் முன்னாலயும் சொல்றேன்.”

“ஏட்டி, ஒரு செம்பு தண்ணி கொண்டா,” என்று ஐயம்பெருமாள் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். சீட்டைக் கிழியாமல் உரிக்க ஈரம் வேண்டும்.

ஆவுடையம்மாள் செம்போடு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பக்கத்தில் வந்து, செம்பை நீட்டாமல், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், “உரிக்காதிய,” என்றாள்.

“அப்படி வா வழிக்கு,” என்றார் அவர், அதே குரலில். “எம்புட்டு வாங்கின அவங்கிட்ட?”

அவள் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் அதில் விரலை முக்கிச் சீட்டின் ஓரத்தை நனைத்தார். நனைக்கவே வேண்டியிருக்கவில்லை, அன்றைக்கு ஒட்டியது மாதிரியே அது இன்னும் ஈரமாக இருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார். முதலில் தெரிந்தது, கீழே, கறுப்பு எழுத்தில், பெ. என்ற தன் இனிஷியல். இன்னும் கொஞ்சம் கிளப்பினார்.

அப்போது சீட்டின் பின்பக்கம் அவர் கண்ணில் பட்டது. அதில் பச்சையாக ஒரு கிளியின் வால் இருந்தது.

கிளி மார்க் பீடிக் கட்டில் சுற்றுகிற லேபிள். அதைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருந்தது. ஒட்டின பசையில் துத்தம் இல்லை, மைதா இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தார். சோறு. பெண்பிள்ளைகள் வீட்டில் கடுதாசி ஒட்டுகிற மாதிரி, பருக்கையை நசுக்கித் தேய்த்து ஒட்டியிருந்தது.

ஆவுடையம்மாளின் தகப்பனார் முக்கூடலில் கிளி மார்க் பீடிக்கு ஏஜெண்ட். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நடுவப்பேரியில் அத்தை வீட்டில் இருந்து பீடி சுற்றி, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கூத்தாடிக்குப் பொண்ணு கொடுப்பதைவிடக் கிணற்றில் தள்ளுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன் அவள் தகப்பன். அவர் மாப்பிள்ளையை விசாரிக்க ஊருக்கு வந்த நாள் எது என்று ஐயம்பெருமாள் இதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தார். நாடகத்தன்று மத்தியானம். தான் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நேரம்.

“ஒரு நாளைக்கு மறைச்சாப் போதும்னு நெனச்சேன்,” என்றாள் ஆவுடையம்மாள். செம்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். “அப்பா வந்துட்டுப் போனதும் கிழிச்சிரலாம்னு. நீங்க சபாவ விட்டுட்டு வருவியன்னு எனக்கென்ன தெரியும். உங்க வழக்கமெல்லாம் யாரு கண்டா. இப்ப அது வெளிய வந்துரக் கூடாதுன்னுதான் விடியக்காலம் போயிச் சுவரச் சுரண்டுனேன்.”

“பொறவு சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்ல விட்டியளா? கல்யாணத்தன்னிக்கே அந்தாளத் திட்ட ஆரம்பிச்சிய. இன்னும் முடிக்கல.”

கூட்டம் நெருக்கியது. “என்ன அண்ணாச்சி, யாரு பேரு?” என்றான் பிச்சுமணி. “சத்தமாப் படிங்க.”

அதற்குள் குத்தாலிங்கம் தடியை ஊன்றி ஊன்றி வந்து, சுவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே மறைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கிழவர்களும் அத்தனை பக்கத்தில் நின்றது அந்தக் காலத்துக்குப் பிறகு அப்போதுதான்.

“உரிச்சுட்டியால?” என்றார் குத்தாலிங்கம் மெதுவாக. “நான் அன்னைக்குச் சாயங்காலமே ஒண்ணு உரிச்சுப் பாத்துட்டேன். கிளி இருந்துச்சு.”

“தெரிஞ்சும் வாய் தொறக்கல நீ.”

“தொறந்திருந்தா? ஒண்ணு, கோவத்துல அந்தப் பிள்ளைய வேண்டாம்னு இருப்ப. இல்ல, வந்து எம் பக்கத்துல நின்னு பாதி எனக்குன்னு சொல்லியிருப்ப. முந்தினது ஒனக்கு நல்லதில்ல. பிந்தினது எனக்கு நல்லதில்ல. சும்மா இருந்துட்டேன்.”

“இதுல எதுக்காகச் சும்மா இருந்த? அவளுக்காகவா, ஒனக்காகவா?”

குத்தாலிங்கம் மாலையிலிருந்து ஒரு இதழைப் பிய்த்து விரலால் உருட்டினார். “அது எனக்கே தெரியாதுல,” என்றார். “பொய் சொல்லலாம்னு பாத்தாக்கூட எந்தப் பக்கம் பொய்யின்னு தெரியல.”

ஐயம்பெருமாள் சீட்டைப் பிடித்தபடியே நின்றார். இன்னும் ஒரு இழுப்பு. பெயர் வெளியே வந்துவிடும்; கலையரங்கத்தின் நெற்றியில் ஏறிவிடும்; திரை தூக்கிக்கொண்டு வந்த ஆள் யார் என்று ஊர் தெரிந்துகொள்ளும். ஆனால் சீட்டும் கையோடு வரும், சீட்டில் கிளியும் வரும். நடுவப்பேரியில் கிளி மார்க் யாருடைய கிளி என்று தெரியாத வீடு இல்லை. நாளைக் காலையில் பிச்சுமணி கடையில், குழாயடியில், ரேஷன் வரிசையில், புருஷன் பேரைத் தானே மறைத்தவள் என்று ஆவுடையம்மாளைப் பார்த்துச் சிரிக்கும் ஊர். படுக்கையறைச் சுவரில் வந்த ஒரு படத்துக்காகப் பூதலிங்கத்தை இன்னும் விடாத ஊர் இது.

ஒரு ஊரை முழுக்கச் சந்தேகப்பட்டுப் பழகியவருக்கு, அந்த ஊர் என்ன செய்யும் என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை.

பெருவிரலை எச்சிலில் தொட்டு, கிளம்பிய மூலையை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினார். ஓரம் தெரியாமல் நன்றாகத் தேய்த்துவிட்டார். சபாவில் இருந்த காலத்தில் அவர் ஒட்டின போஸ்டர் ஒன்றுகூட மூலை கிளம்பியதில்லை.

“ஒண்ணுமில்லவே,” என்றார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி. “அச்சுப் பிழை. அத மறைச்சிருக்கான். போங்க, போய் வேலையப் பாருங்க.”

“அப்போ போர்டு?” என்றார் செயல் அலுவலர்.

“இருக்கிறபடியே இருக்கட்டும்.” பிறகு குத்தாலிங்கத்தின் காதருகே போய், “எனக்கு ஒம் மேல உள்ள கோவம் போயிட்டுன்னு நெனச்சிராத,” என்றார்.

“போகாண்டாம்,” என்றார் குத்தாலிங்கம். “அது இருக்கட்டும். இந்த ஊர்ல எனக்குன்னு வேற யாரு இருக்கா.”

விழாவுக்கு மைக் ஐயம்பெருமாள்தான் கொடுத்தார். திறப்பு விழா நாடகம் அல்ல என்பதால் பலகைக்கு அது விரோதமில்லை. நாடகத் தேனீ என்று வாழ்த்துரையில் வந்த இடத்திலெல்லாம் மைக் காதைப் பிய்க்கிற மாதிரி வீறிட்டது. மழை ஈரம் வயரில் ஏறிவிட்டது என்று அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை, குத்தாலிங்கம் உட்பட.

சாயங்காலத்துக்குள் போஸ்டர்கள் சுவருக்குள்ளேயே வடிந்துவிட்டன. வெறும் சுவரைப் பார்த்ததும் ஆடுகள் வந்து நக்கிப் பார்த்தன. ஜனங்கள் பழக்கத்தில் பாயோடு பேருந்து நிலையத்துக்கு வந்து, இன்றைக்கு நாடகம் இல்லையாமே என்று சொல்லிக்கொண்டு, வந்தது வந்துவிட்டோம் என்று உட்கார்ந்தார்கள்.

ஐயம்பெருமாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் மோந்து பார்க்கவில்லை. பெருவிரலில் காலையில் ஒட்டின பருக்கை இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் தின்றார், இன்னொரு வாய் தின்றார்.

“அன்னைக்குச் சோறு வடிச்சது நீயா, ஒங்க அத்தையா?”

ஆவுடையம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். “நாந்தான்.”

“கொழைய விட்டிருக்க. அதான் இத்தன வருசம் இப்படிப் புடிச்சுக்கிட்டு நிக்கி.”

“முந்தின நாளு சாயங்காலம் வடிச்ச சோறு. அடுப்ப விட்டுட்டுக் கோயில் வாசலுக்குப் போயிட்டேன்,” என்றாள் அவள். “நீங்க ஒத்திகையில பாடிக்கிட்டு இருந்திய. கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்.”

அவர் கை இலையில் நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார். தலை முதல் கால் வரை, புதிதாக ஒரு ஆளை எடைபோடுகிற மாதிரி, நன்றாகப் பார்த்தார்.

“எந்தப் பாட்டு?” என்றார்.